ஆயாவையும் பொடிசுகளையும் கூட்டிக்கொண்டு வெளிநாடு: கிளம்பும் முன் தீர்க்க வேண்டியவை

குடும்பத்தோடு வெளிநாடு போய்வந்தவர்களின் போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஓட்டல் வாசலில் யார் யாரோடு பேசாமல் நின்றார்கள் என்பது போட்டோவில் வராது. அந்தச் சண்டையைக் கிளறிப் பார்த்தால், நடக்க முடியாதவரை நடக்க வைத்திருப்பார்கள், இல்லை சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்திருக்காது, இல்லை எந்தச் செலவு யாருடையது என்று பேசாமலே கிளம்பியிருப்பார்கள். எல்லாமே ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடியவை.

முதலில் ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள்: கூட்டத்தில் மெதுவானவர் யார்? முட்டி வலி உள்ள ஆயாவா, மத்தியானம் தூங்கியே ஆக வேண்டிய இரண்டு வயசுக் குழந்தையா? அவர் ஒரு நாளில் எவ்வளவு தாங்குவாரோ அதுதான் திட்டத்தின் அளவு. மற்றவர்கள் கூடுதலாகப் பார்க்க ஆசைப்பட்டால் தனியாகப் பிரிந்து போய் வரலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

பாஸ்போர்ட்: பெயரில்தான் சிக்கல்

நம் ஊர்க்காரர்களுக்கு விசாவை விடப் பெரிய தலைவலி இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலாகப் போட மாட்டார்கள். விரித்து எழுத வேண்டும். ஆதாரில் 'செல்வம் மு' என்றிருந்து, பள்ளிச் சான்றிதழில் 'மு. செல்வம்' என்றிருந்து, பாஸ்போர்ட்டில் வெறும் 'செல்வம்' என்று வந்துவிட்டால் அது ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட். 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயரோடு விசிட் விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் விடுகிறார்கள். ஆனாலும் டிக்கெட் போடுவதற்கு முன் ஏர்லைன்ஸிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

புதிதாக எடுப்பவர்கள் முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அப்புறம் பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். விண்ணப்பத்தில் சொந்தப் பெயரை 'கிவன் நேம்' கட்டத்திலும், அப்பா பெயரை (கல்யாணமான பெண்கள் விரும்பினால் கணவர் பெயரை) 'சர்நேம்' கட்டத்திலும் போட்டால் பிற்பாடு எந்த நாட்டுப் படிவத்திலும் தடுமாற வேண்டாம். எல்லாப் பெயரையும் கிவன் நேமிலேயே போட்டு சர்நேமைக் காலியாக விட்ட பாஸ்போர்ட் இங்கே ஏராளம். அது செல்லும். ஆனால் டிக்கெட் இணையதளம் சர்நேம் இல்லாமல் நகராது. சில ஏர்லைன்ஸ் அதே பெயரை இரண்டு தடவை போடச் சொல்லும், சில வேறு மாதிரி சொல்லும். அந்தந்த ஏர்லைன்ஸ் சொல்லும் முறையில் போடுங்கள். நீங்களாக ஒன்றை உருவாக்காதீர்கள். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

கட்டணம்: பெரியவர்களுக்கு 36 பக்கத்துக்கு 1500 ரூபாய், 18 வயசுக்குக் கீழே 1000 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2000. சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் சேவை மையங்கள் இருக்கின்றன. வடசென்னையிலிருந்து தாம்பரம் போவது ஒரு முழு நாள் வேலை என்பதால், அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போது அமைந்தகரையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, குழந்தையின் பாஸ்போர்ட் 5 வருஷத்துக்குத்தான். போன தடவை எடுத்தது இருக்கிறது என்று நம்பிக்கொண்டு பீரோவைத் திறந்தால் தேதி முடிந்திருக்கும். இன்னொன்று, பிறப்புச் சான்றிதழில் பெயரே இருக்காது. ஆஸ்பத்திரியில் பிறந்த கையோடு பதிவு செய்து, பெயர் சேர்க்காமலே விட்டிருப்பார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். மாநகராட்சியில் பெயர் சேர்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் வேண்டும்.

பெரியவர்களின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' (குடியேற்றச் சோதனை தேவை) என்று இருக்கலாம். பத்தாவது முடிக்காதவர்களுக்கு அப்படிக் கொடுப்பார்கள். மலேசியா, தாய்லாந்து, துபாய் போகும்போது இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு அது, சுற்றுலாவுக்குப் போய்த் திரும்புகிறவரைத் தடுக்காது. கவுண்ட்டரில் கேள்வி மட்டும் கூடுதலாக வரும். ரிட்டர்ன் டிக்கெட்டையும் ஓட்டல் புக்கிங்கையும் அச்செடுத்து அவர் கையிலேயே கொடுத்து வையுங்கள். 50 வயசு தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது அந்த முத்திரை இல்லாமலே வாங்கலாம்.

திரும்பும் நாளிலிருந்து கணக்குப் போட்டால் எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும். ஒருத்தருக்கு இல்லையென்றால் குடும்பமே நிற்கும்.

எந்த மாசம், எந்த ஊர்

பள்ளிக்கூட லீவில்தான் போக முடியும். அதனால் மே மாசம்தான் எல்லோர் கண்ணும். டிக்கெட் விலையும் அப்போதுதான் எகிறும். காலாண்டு லீவு, பொங்கலை ஒட்டி வரும் நாட்கள் இவற்றையும் யோசியுங்கள். மே மாசம் துபாய்க்குக் குழந்தைகளைக் கூட்டிப் போனால் மால் விட்டு மால் மாறுவதுதான் சுற்றுலா. வெளியே 40 டிகிரிக்கு மேல் காயும். புக்கெட், லங்காவி பக்கம் மே முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளிக்கும். அதே மே, ஜூனில் இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் மழை பிடிக்கும், ஆனால் திருகோணமலை பக்கம் கடல் அமைதியாக இருக்கும். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் வருஷம் பூராவும் ஒரே மாதிரி: புழுக்கம், மத்தியானத்துக்கு மேல் திடீர் மழை. முதல் தடவை போகிற குடும்பத்துக்கு இந்த இரண்டு ஊர்தான் சரி. நாலு மணி நேர விமானம், தமிழ் பேசினால் ஆள் கிடைக்கும், சோறு கிடைக்கும், கோயில் இருக்கும்.

மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் போடலாம், அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மற்றது ஏஜென்ட் கூலி. வெள்ளைப் பின்னணியில் 35க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ கேட்பார்கள். இதையெல்லாம் விட ஜனங்கள் மறந்துபோவது வருகை அட்டை. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் போய் இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். கைக்குழந்தை உட்பட ஆளுக்கொன்று. மூன்றுமே இலவசம். கூகுளில் தேடினால் முதலில் வரும் தளம் ஆளுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும். அது அரசுத் தளம் கிடையாது, மூடிவிடுங்கள்.

டிக்கெட்

ஆறு பேருக்கு ஒரே தடவையில் தேடினால், குறைந்த விலையில் நாலு சீட்தான் பாக்கி இருந்தாலும் ஆறு பேருக்கும் அடுத்த விலையைக் காட்டும். நாலு பேருக்கும் இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். ஆனால் குழந்தையை அப்பா அம்மாவின் டிக்கெட்டிலிருந்து பிரிக்க வேண்டாம். இரண்டு வயசுக்குக் கீழ் மடியில் உட்காரும் டிக்கெட் போதும். பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வந்து இரண்டு முடிந்தால், திரும்பும்போது தனி சீட் எடுக்க வேண்டும். ஆயாவுக்கு வீல்சேர் வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே, இல்லை 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவிடுங்கள். காசு கிடையாது. "நான் என்ன நொண்டியா?" என்று ஆயா கோபித்துக்கொள்வார். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்று பொறுமையாக விளக்குங்கள். கூடவே ஒருத்தர் துணைக்குப் போகலாம், வரிசையும் மிச்சம்.

தேதியில் கவனம். சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல் கிளம்புபவை. டிக்கெட்டில் 12-ஆம் தேதி 00:45 என்றிருந்தால் நீங்கள் 11-ஆம் தேதி சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 12-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். டிக்கெட் வந்த அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "11-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு வண்டி" என்று கிழமையோடு போட்டுவிடுங்கள்.

பணப் பேச்சு

அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் சேர்ந்து போனால் கணக்கை இப்படி வையுங்கள். டிக்கெட், விசா தலைக்கு. ஓட்டல் அறைக்கு. சாப்பாடு, டாக்சி, தண்ணீர் இவை பொதுப் பர்ஸில். தலா 300 சிங்கப்பூர் டாலர் என்று இரண்டு குடும்பமும் முன்பணம் போட்டு, ஒருத்தரிடம் மட்டும் கொடுத்து, தினம் இரவு செலவைக் குரூப்பில் எழுதச் சொல்லுங்கள். ஷாப்பிங் அவரவர் பாடு. அப்பா அம்மாவின் செலவைப் பிள்ளைகள் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதையும் இப்போதே பேசுங்கள். "பார்த்துக்கலாம் மச்சான்" என்று விட்டால் அங்கே போய் ஒருவர் முகம் தூக்கிக்கொள்வார்.

நோட்டாக எடுத்துப்போக பாரிமுனை, மண்ணடி பக்கம் பணம் மாற்றும் கடைகள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கடையில், பாஸ்போர்ட், பான் கார்டு காட்டி, ரசீதோடு வாங்குங்கள். "ரேட் என்ன" என்று கேட்காதீர்கள், "500 டாலருக்கு ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய்" என்று மூன்று கடையில் கேளுங்கள். கைப்பணமாக 50,000 ரூபாய்க்குக் கீழேதான் வாங்குவார்கள், அதற்கு மேல் வங்கி வழியாக.

கார்டில் 'சர்வதேசப் பயன்பாடு' என்ற சுவிட்ச் வங்கிச் செயலியில் அணைந்தே இருக்கும், ஊரிலேயே போட்டுவிடுங்கள். கடையில் மெஷின் "ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரிலா" என்று கேட்டால் அந்த ஊர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் கடைக்காரர் பக்கத்து வங்கி தன் இஷ்டத்துக்கு ரேட் போடும். ஓட்டலில் டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் கையிருப்பே முடங்கிப்போய், ஊர் திரும்பிய பிறகுதான் விடுவிப்பார்கள். மலேசியாவில் ஓட்டல் வாடகைக்கு மேல் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு; செக்-இன் செய்யும்போது கேட்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

வங்கி ஓ.டி.பி. வர இந்திய சிம்மில் ரோமிங்கை இங்கேயே உயிர்ப்பித்து வையுங்கள், டேட்டா ரோமிங்கை மட்டும் அணையுங்கள். இணையத்துக்கு அங்கே ஒரு சிம், இல்லை முன்கூட்டியே ஓர் இ-சிம்.

பெட்டியும் சோறும்

ஒரு பெட்டி முழுக்க ஒருத்தர் துணி என்று அடுக்காதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எல்லோருக்கும் ஒரு செட் வையுங்கள். ஒரு பெட்டி வந்து சேராவிட்டாலும் யாரும் கட்டிய துணியோடு நிற்க வேண்டாம். கைப்பை பெரும்பாலும் 7 கிலோதான். தொங்கவிட்டு எடை போடும் சின்னத் தராசு வாங்கிக்கொண்டால் கவுண்ட்டர் முன்னால் பெட்டியைப் பிரித்துப் புடவையை வெளியே எடுக்கும் காட்சி தவிரும். சிங்கப்பூர், மலேசியா, துபாயில் மூன்று பட்டைக் கால் உள்ள பிளக். பர்மா பஜாரில் அடாப்டர் இரண்டு வாங்கி, நம்ம ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைச் சேர்த்து எடுத்துப் போனால் எல்லோர் போனும் சார்ஜ் ஆகிவிடும். பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள்.

சாப்பாட்டில் எது போகும், எது போகாது என்பதில்தான் தப்பு நடக்கிறது. புளிசாதம், எண்ணெய் தடவிய பொடி இட்லி, சப்பாத்தி கைப்பையில் போகும். சட்னி, ஊறுகாய், நெய், தயிர் இவற்றைத் திரவமாகக் கணக்கிடுவார்கள்; 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள், இரண்டு கவர் போட்டுக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். கொப்பரைத் தேங்காய் பெட்டியிலும் கூடாது. அதில் உள்ள எண்ணெய் தீப்பிடிக்கும் என்று தடை செய்திருக்கிறார்கள். கசகசாவை மறந்தும் எடுக்காதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. தனிப் பொட்டலமாக இல்லாவிட்டாலும், வீட்டில் அரைத்த குருமா மசாலாவில் இருக்கலாம். பெட்டியில் வைக்கும் முன் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சிங்கப்பூருக்கு இந்தியாவிலிருந்து இறைச்சிப் பண்டம் கொண்டுபோக முடியாது; மட்டன் சுக்காவும் கோழித் தொக்கும் இங்கேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். காசிமேட்டுக் கருவாட்டைச் சொந்தக்காரருக்கு என்று தூக்காதீர்கள்: பக்கத்துப் பெட்டிக்காரர் துணியெல்லாம் மணக்கும்.

ஓட்டல் அறையில் குக்கர் வைத்தால் புகை அலாரம் அடிக்கும், அபராதமும் வரும். சமைத்தே ஆக வேண்டுமென்றால் அடுக்களை உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுங்கள். இல்லையென்றால் அறையிலிருக்கும் கெட்டிலில் வெந்நீர் போட்டு, உடனடி உப்புமா, அவல் என்று ஒப்பேற்றலாம். ஒரு பிளாஸ்டிக் மக் கட்டாயம். பல ஓட்டல்களில் கழிப்பறையில் காகிதம் மட்டும்தான். பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அதனாலேயே முகம் வாடிப்போவார்கள்.

மாத்திரைகளைப் பாக்கெட் பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு கைப்பையில். இன்சுலினைப் பெட்டியில் போடாதீர்கள். சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்தால் போகும் நாட்டில் அனுமதி வேண்டுமா என்று முதலில் பாருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, பிரஷரை மறைக்காதீர்கள். மறைத்தால் கிளெயிம் நிற்காது.

நகை: கழுத்தில், கையில் போட்டுப் போகிற நகையைத் திரும்பும்போது "அங்கே வாங்கினீர்களா" என்று கேட்டால் நிரூபிக்க முடியாது. தங்கம் வரியில்லாமல் கொண்டுவரும் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான், ஒரு வாரம் சுற்றிவிட்டு வருபவர்களுக்கு இல்லை. தாலி, தோடு போதும். கனமாகப் போட்டே தீருவேன் என்றால், கிளம்பும்போதே விமான நிலையத்தில் சுங்கத் துறையிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கி வையுங்கள்.

வடசென்னையிலிருந்து மீனம்பாக்கம்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை ஜனங்களுக்கு மெட்ரோ வரம். விம்கோ நகரில் ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரவு 11 மணி வரைதான் ஓடும் என்பதால் நள்ளிரவு விமானத்துக்கு 7 மணி, 8 மணி வண்டி சரியாக இருக்கும். பெட்டி அதிகம் என்றால் வாலிபர்கள் கைப்பையோடு மெட்ரோவில், ஆயாவும் பெட்டிகளும் காரில் என்று பிரியுங்கள். பாஸ்போர்ட் மட்டும் அவரவர் கையில்.

காரில் போனால் எண்ணூர் விரைவுச் சாலை கன்டெய்னர் லாரிகளுக்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுவிட்டால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வியாசர்பாடிக்காரர்கள் மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்ப வேண்டாம். மூன்று மணி நேரம் முன்னால் கவுண்ட்டரில் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடுவார்கள்.

போன இடத்தில்

ஒரு நாளைக்கு இரண்டு இடம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் அறைக்கு வந்து தூக்கம். பேக்கேஜ்காரர்கள் ஐந்து இடம் போடுவார்கள், அதில் இரண்டு கடை. "காசு கட்டியாச்சே, பார்த்தே ஆகணும்" என்று இழுத்தால் ராத்திரி பன்னிரண்டுக்குக் குழந்தைக்கு ஜுரம்.

சிங்கப்பூர், மலேசியா நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 7 மணி என்றால் இங்கே நாலரை. பிள்ளைகள் எழ மாட்டார்கள். முதல் இரண்டு நாள் 10 மணிக்கு முன் எதுவும் வைக்காதீர்கள். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே விடியுமுன்பே கண் விழித்துக் குதிப்பார்கள், அதற்கேற்பக் காலை வேலையை முன்னால் இழுங்கள்.

சிங்கப்பூரில் ரயிலுக்குக் கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டினால் போதும், ஆனால் ஒரு கார்டு ஓர் ஆளுக்குத்தான். ஐந்து பேர் ஒரே கார்டைத் தட்ட முடியாது. மீதிப் பேருக்கு ஸ்டேஷனில் கார்டு வாங்குங்கள். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்கு டிக்கெட் இல்லை. பொழுதுபோக்குப் பூங்கா போவதென்றால் பிள்ளையின் உயரத்தை இங்கேயே அளந்து, எந்த ரைடில் ஏற முடியும் என்று அந்த இணையதளத்தில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். வாசலில் அளவுகோல் முன்னால் நிறுத்தித் திருப்பி அனுப்பினால் அன்றைய நாள் அழுகையில் போகும்.

கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலை முருகன் கோயிலுக்கு 272 படி. காலை வெயில் ஏறுமுன் ஏறுபவர்கள் ஏறட்டும். ஆயாவைக் கீழே முருகன் சிலைக்குப் பக்கத்தில் நிழலில் ஒருத்தர் துணையோடு உட்கார வையுங்கள். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்கு பிடுங்கும். கே.எல். சென்ட்ரலிலிருந்து ரயில் நேராகக் கோயில் வாசலுக்கே போகிறது, டாக்சி தேவையில்லை.

மத்தியானச் சோறு ஒருவேளையாவது நம்ம ஊர்ச் சோறாக இருக்கட்டும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை, தேக்கா; கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ்; துபாயில் கராமா. ஓட்டலையே அந்தப் பக்கம் எடுத்துவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு யாரையும் கெஞ்ச வேண்டாம். கடற்கரை பார்த்த அறையை விட இரண்டு நிமிஷத்தில் இட்லி கிடைக்கும் அறைதான் பெரியவர்களுக்குப் பிடிக்கும்.

நடுவில் ஒரு சாயங்காலத்தை அவரவர் இஷ்டத்துக்கு விடுங்கள். மருமகள் கடைக்குப் போகட்டும், மாமியார் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகட்டும், பையன் அறையில் டிவி பார்க்கட்டும். ஒரு வாரம் இருபத்துநாலு மணி நேரமும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் வீட்டில்கூட நமக்கு இல்லை.

திரும்பி வந்ததும்

நள்ளிரவில் இறங்கினால் மெட்ரோ இருக்காது. வெளிநாடு கிளம்பும் முன்பே வண்டிக்குச் சொல்லி வையுங்கள். பெட்டி உடைந்திருந்தால், வரவில்லையென்றால், வெளியே வருமுன் ஏர்லைன்ஸ் கவுண்ட்டரில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெளியே வந்த பிறகு கேட்டால் காது கொடுக்க மாட்டார்கள். கார்டில் சர்வதேசப் பயன்பாட்டை அணையுங்கள். பேக்கேஜாகப் போயிருந்தால் டி.சி.எஸ். என்று வரி பிடித்திருப்பார்கள்; யார் பான் எண்ணில் பிடித்தார்களோ அவருடைய வரிப் பதிவில் (26ஏ.எஸ். படிவம்) அது ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், இல்லை திரும்ப வாங்கலாம். ஏறவில்லையென்றால் டிராவல்ஸ்காரரை இன்வாய்ஸோடு பிடியுங்கள்.